ஆட்டுக் கொட்டகை இரண்டு

தாயி, நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வளைகாப்பு முடிந்த கையோடு வந்துவிடுவேன், கிணற்றுப் பக்கத்து அறையை எனக்கு ஒதுக்கி வையுங்கள், தலைப்பிரசவம் நம் வீட்டில்தான் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். குறுக்கே பேச எனக்கு வாய் வரவில்லை. என் சமாச்சாரம் உனக்குத் தெரியும், வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில்தான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன். நீ இங்கே வர வேண்டாம். பிள்ளை பெற இந்த வீட்டுக்கு வராதே. உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வீட்டுக்கு வேண்டாம் என்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் என்று நான் மடித்து ஒட்டப்போவதில்லை. வருகிற கிராம சபையில் எழுந்து நின்று, இதில் உள்ளதையெல்லாம் ஊருக்கு முன்னால் வாசிக்கப்போகிறேன். யாராவது போனில் படம் பிடித்து அறந்தாங்கிக்கு அனுப்பி, உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் நீ அதைப் பார்ப்பதற்கு முன்னால், உன் அப்பன் சொல்லி நீ கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

நீ கல்யாணம் ஆகிப் போன மூன்று வருஷத்தில் இங்கே என்னென்ன ஆகியிருக்கிறது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நாங்கள்தான் மறைத்தோம். நீ வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச்சொன்னது அதற்குத்தான். அன்றைக்குக் குவாரியில் வெடி கிடையாது. நீ பத்தாவது படிக்கும்போது மலைக்கு அங்கிட்டு ஆரம்பித்த குவாரி, இப்போது இங்கிட்டு வந்துவிட்டது. நம் வரப்பில் நின்று கூப்பிட்டால் குழிக்குள் இருக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். நீ நீச்சல் பழகிய கிணறு வற்றிப் பல நாள் ஆகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றவில்லை. ஒருநாள் மதியம் வெடி வைத்தார்கள், மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் அடிப்படிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. நம் தண்ணீரெல்லாம் பாறை இடுக்கு வழியாகக் குவாரிக் குழிக்கு இறங்கிவிட்டது. அதை அவர்கள் மோட்டார் வைத்து இறைத்து ரோட்டோரப் பள்ளத்தில் விடுகிறார்கள். என் தண்ணீர் அப்படி ஓடுவதை நான் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்த வருஷம் மழையை நம்பிக் கடலை போட்டேன். செடி நன்றாகத்தான் வந்தது. பூ எடுக்கிற நேரத்தில் கிரஷர் தூசி வந்து மூடிவிட்டது. மாவு சலிக்கிற இடத்தில் நின்ற மாதிரி செடியெல்லாம் வெள்ளை. பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்கு. கடலைக் கொடியைக் கூட மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. வெடிக்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். உனக்கும் அது நினைவிருக்கும். இப்போது அந்தச் சங்கு ஊதியதும் உன் அம்மா அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைக் கையால் பிடித்துக்கொள்கிறாள். சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை, அவளாகவே பிடித்துக்கொள்கிறாள். வெடித்து முடிந்ததும் ஒரு சத்தமும் இருக்காது. காக்கை கத்தாது, நாய் குரைக்காது. அந்த நேரத்தில் சுவருக்குள்ளிருந்து மண் உதிர்கிற சத்தம் மட்டும் கேட்கும். அது எனக்கு இப்போது வெடி இல்லாத நேரத்திலும் கேட்கிறது.

இதெல்லாம் உன்னை வரவேண்டாம் என்று சொல்லப் போதும். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

உன்னை முதலில் பார்க்க வந்தார்களே, கீரனூர்ப் பக்கத்துக்காரர்கள், அவர்களை மறந்திருக்க மாட்டாய். நல்ல இடம். பஜ்ஜி, கேசரி எல்லாம் தட்டில் வைத்து, நீ காப்பி கொண்டுவந்து நின்றாய். சங்கு ஊதியதை நான் கேட்டேன், ஆனால் வந்தவர்களிடம் என்னவென்று சொல்ல? சொல்லாமல் இருந்துவிட்டேன். வெடித்தபோது மேலே இருந்து சுண்ணாம்புக் காரை பெயர்ந்து நேராகப் பையனின் அம்மாள் மடியில் விழுந்தது. பட்டுச்சேலையை உதறிக்கொண்டு எழுந்தவர், வெளியே போய் நின்று கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு போய் லெட்டர் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. அன்று நீ அழவில்லை. தட்டில் விழுந்த காரையைப் பொறுக்கிவிட்டு அந்தக் கேசரியை நீயே உட்கார்ந்து தின்றாய், "இவ்வளவு நெய் விட்டு வீணாக்க முடியுமா" என்று சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மலையால் என் பிள்ளை கல்யாணம் ஆகாமல் நின்றுவிடுவாளோ என்ற பயம் அன்றுதான் எனக்குள் புகுந்தது. பயம் புகுந்தவனை யாரும் எந்தப் பக்கமும் திருப்பலாம் தாயி. இது நான் கற்றுக்கொண்டது.

அறந்தாங்கியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறோம் என்று சொன்னதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் யாரிடமும் சொல்லாமல் குவாரி ஆபீசுக்குப் போனேன். தகரக் கொட்டாய், உள்ளே ஏசி. மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். வெள்ளிக்கிழமை என் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள், அன்று ஒருநாள் மட்டும் வெடி வைக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டு கையையும் சேர்த்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கா அண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒங்க மக எங்க மக மாதிரி. வெள்ளிக்கிழமை ஒரு கல்லுகூட அசையாது" என்றார். டீ வந்தது. குடித்து முடிக்கிற நேரத்தில், அண்ணன் கையெழுத்து ஊரிலேயே அழகு, மனு எழுதுகிறதே நீங்கள்தானாமே, எங்களுக்கும் ஒரு சின்ன லெட்டர் எழுதிக் கொடுங்கள் என்று வெள்ளைத்தாளை நகர்த்தினார். இந்தப் பக்கம் குவாரியை நீட்டிக்க அனுமதி கேட்டிருக்கிறார்களாம். குடியிருக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் அனுமதி கிடைக்காதாம். அதனால் வீடு எதுவும் இல்லை என்று அக்கம்பக்கத்து நிலக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதுமாம். எழுதவேண்டியதை அவர் வாயால் சொன்னார்.

நான் எழுதினேன். என் கையால், என் அழகான கையெழுத்தில், "ஊரணிப்புஞ்சையில் எனது நிலத்திலும் அதை ஒட்டிய நிலத்திலும் உள்ளவை ஆட்டுக் கொட்டகை இரண்டு. மனிதர் குடியிருக்கும் வீடு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த முதல் கொட்டகை நம் வீடு. இரண்டாவது, பக்கத்து நிலத்துச் செல்லாயி அத்தை வீடு.

உன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவருக்கு, ஒரு வரியின் கனம் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். எழுதும்போதே தெரிந்தது. நம் வீடு வயல்காட்டில் கட்டினது. ஊருக்குள் இருந்த பழைய வீட்டு முகவரியில்தான் ரேஷன் கார்டு. இந்த வீட்டுக்கு வரி போடச் சொல்லி நான் கேட்டதும் இல்லை, அவர்கள் போட்டதும் இல்லை. கரண்டு கூட மோட்டார் கனெக்‌ஷனிலிருந்து இழுத்ததுதான். அத்தை வீடும் அப்படித்தான். அதனால் காகிதத்தில் எங்கேயும் இல்லாத வீட்டைக் கொட்டகை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டை எழுதினது முட்டாள்தனம். அவள் வீட்டை எழுதினது பாவம். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு ஒரு வசதியாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். சங்கு இல்லை, வெடி இல்லை, லாரி கூட ஓடவில்லை. உன் மாமியார் வாசலில் நின்று, எவ்வளவு அமைதியான இடம், எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்ட் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று சொன்னார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அவர்கள் போன பிறகு, "என்னப்பா இன்னைக்கு வெடியே இல்லை?" என்று கேட்டாய். மெஷின் ரிப்பேராம் என்றேன். உனக்குத் தெரிந்து நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை. உனக்குத் தெரியாமல் சொன்ன பொய் அது.

உன் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு, குவாரி இங்கிட்டுத் திரும்பியது. எல்லைக்குக் கொடிக்கம்பு நட்டார்கள், பாறையில் துளை போடக் கம்ப்ரசர் வந்தது, நம் வரப்புக்கு அந்தப் பக்கம் குழி இறங்கியது. உன் அம்மா சுவர் விரிசல் மேலெல்லாம் நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டி வைத்தாள். விரிசல் பெரிதானால் தாள் கிழியுமாம், அப்போது தெரிந்துகொள்ளலாமாம். ஒரு மாசத்துக்குள் எல்லாத் தாளும் கிழிந்தது. அதே மழைக்காலத்தில்தான் அத்தை வீட்டு மேற்குச் சுவர் விழுந்தது. மதிய வெடி. அவள் உள்ளே ஆட்டுக்குட்டிக்குக் கஞ்சி கலக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். சுவர் இடுப்பில் விழுந்தது. சுமை ஆட்டோவில் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிப்போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அத்தை வழுக்கி விழுந்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னோமே, அது இதுதான். இப்போது நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருவாள். காடு கரையெல்லாம் ஆட்டுக்குப் பின்னால் ஓடினவள்.

நஷ்டஈடு கேட்டு மனு எழுதவேண்டும் என்று அவள் யாரிடம் வருவாள்? என்னிடம்தான் வந்தாள். நானும் எழுதினேன். தாயி, கேள். அவள் வீடு விழுந்ததற்குக் காரணமான கையே, வீடு விழுந்தது ஐயா என்று மனு எழுதியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்டோ பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளால் படி ஏற முடியாது. வேப்பமரத்தடியில் ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன், மனுவைப் பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரு ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் புரட்டி, அந்த இடத்தில் வீடே இல்லை, கொட்டகைதான் என்று பக்கத்து நிலக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. ஃபைலில் இருந்த தாளையும் என் கையில் இருந்து வாங்கிய மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கையெழுத்து. ஒரே வளைவு, ஒரே சுழி. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மனுவை மட்டும் மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்தேன். அவள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கும் சேர்த்துத்தான். "என்ன தம்பி சொன்னாக?" என்று கேட்டாள். பார்க்கிறோம் என்று சொன்னார்கள் அக்கா என்றேன். நல்ல வார்த்தை சொல்லியிருக்காக என்று சந்தோஷப்பட்டு, பாதிக்கு மேல் சாதத்தை என் இலையில் வைத்தாள். நான் தின்றேன். அதற்குப் பிறகு பலமுறை, என்ன தம்பி, கடுதாசி ஏதும் வந்துச்சா என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மாசம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வரப்போகிறாய் என்று உன் அம்மா கிணற்றுப் பக்கத்து அறைக்கு வெள்ளை அடித்தாள். தொட்டில் கட்ட உத்தரத்துக் கொக்கியைத் தேய்த்து எண்ணெய் போட்டாள். பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து அடுக்கினாள். அந்த அறைக் கதவு இப்போது சாத்தாது, நிலை சாய்ந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை, வயலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், அத்தையின் செம்மறி ஒன்று அந்த அறைக்குள் புகுந்து, உனக்கென்று போட்டிருந்த பாய் மேல் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஈரம் காயாமல் குட்டிகள் எழுந்து நிற்கப் பார்க்கின்றன. உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நல்ல சகுனம், நம் பிள்ளைக்கும் சுகப்பிரசவம்தான், இரட்டையாகக் கூட இருக்கலாம் என்று சிரிக்கிறாள். நான் எழுதிக் கொடுத்தது அப்படியே வந்து படுத்திருந்தது. இது வீடு இல்லை, ஆட்டுக் கொட்டகை என்று யாரோ என் வீட்டுக்குள்ளேயே வந்து எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. தாய் ஆடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் படித்துவிட்டு, அப்பாவுக்கு வயசாகிவிட்டது, என்னென்னவோ நினைக்கிறார் என்று நீ சொன்னால் சொல். அந்த அறைக்குள் உன்னைப் படுக்க வைக்க முடியாது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு சுவரோரம் உட்கார்ந்தாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, வெடிச்சா வெடிக்கட்டும்னு சொல்லியிருப்பேன். நம்ம வீடு இதுதான்னு தெரிஞ்சு பொண்ணைக் கட்டுறவன் கட்டட்டும்" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தோன்றாத பதில் அது. இத்தனை மனு எழுதியும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அத்தையிடம் போனேன். தார்ப்பாய் கட்டிய பக்கமாக உட்கார்ந்து இருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பட்டது. "அக்கா, அக்கா" என்று ஆரம்பித்துக் கடைசிவரை சொல்லி முடித்தேன். அவள் தன் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் இடுப்பைப் பற்றியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஒன் மகளை இந்தக் கையில வாங்கி நான்தானப்பா தொப்புள்கொடி அறுத்தேன். அந்த வீட்டப் போயி ஆட்டுக் கொட்டகைன்னு எழுத ஒனக்கு எப்படிக் கை வந்துச்சு?" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, "எழுதுனவன் நீ. நீயே போயி மாத்தி எழுது. நான் சாட்சிக்கு வாரேன், கட்டிலோட தூக்கிட்டுப் போ" என்று சொன்னாள். அதற்குப் பிறகு இதுவரை என்னிடம் பேசவில்லை. உன் அம்மாதான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

அதனால் கிராம சபையில் வாசிக்கப்போகிறேன். திங்கட்கிழமை அதே அதிகாரி முன்னால் போய், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். என்மேல் வழக்கு வரலாம். குவாரியில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். உன் மாமியார், அமைதியான இடம் என்று நம்பித்தானே சம்பந்தம் வைத்தோம் என்று கேட்கலாம். அவர் கேட்டால் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. நீ எதையும் மறைத்ததில்லை, மறைத்தது நான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லையே என்று நாலு பேர் பேசுவார்கள், அதையும் நான் கேட்டுக்கொள்கிறேன். வளைகாப்புக்கு வரும்போது உன் அம்மா துணிமணியோடு வருவாள். உன் மாமியார் இடம் கொடுத்தால் அங்கே, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்து, பிள்ளை பிறந்து மூன்று மாசம் வரை உன்னோடு இருப்பாள். தாய் வீடு உன்னைத் தேடி வருகிறது என்று வைத்துக்கொள்.

உன்னிடம் எனக்கு ஒன்று ஆகவேண்டும். அந்த அதிகாரியிடம் வெறும் வாயோடு போக முடியாது. முன்பு கொட்டகை என்றாய், இப்போது வீடு என்கிறாய், எதை நம்புவது என்று கேட்டால் நான் என்ன காட்டுவேன்? தேடிப் பார்த்தேன். இந்த வீட்டில் மனிதர் குடியிருந்தார்கள் என்று சொல்ல, வரி ரசீது இல்லை, ரேஷன் கார்டு இல்லை, கரண்டு அட்டை இல்லை. ஒரே ஒரு காகிதம் இருக்கிறது. அது உன்னிடம் இருக்கிறது.

நீ பிறந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். கார்த்திகை மழை, ஊரணி உடைத்துக்கொண்டு ரோட்டை அறுத்துவிட்டது, அன்னவாசல் ஆஸ்பத்திரிக்கு வண்டி போக வழியில்லை. இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மாசம் ஆகவில்லை, சுவரில் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. கிணற்றுப் பக்கத்து அறையில், செல்லாயி அத்தை கையில் நீ பிறந்தாய். வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் கிராம நர்ஸ் அம்மா நனைந்துகொண்டே வந்தார். குடைக்குள் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என்ன குழந்தை, எத்தனை மணிக்கு, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன என்று கேட்டவர், கடைசியாகப் பிறந்த இடம் எது என்றும் கேட்டார். நான் சத்தமாகச் சொன்னேன். புதுசாகக் கட்டியவன் அல்லவா, அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

பாஸ்போர்ட் எடுக்க நீ கொண்டுபோன பிறப்புச் சான்றிதழ் உன் பெட்டியில்தான் இருக்கும். போனில் படம் எடுத்து அனுப்பினால் போதாது, அசலையே தபாலில் அனுப்பு. அனுப்புவதும் அனுப்பாததும் உன் விருப்பம். என்மேல் கோபம் இருந்தால் அனுப்பாதே, அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒருதரம் விரித்துப் பார் தாயி. உன் பெயர், எங்கள் பெயர் எல்லாம் தாண்டிக் கீழே வா. "பிறந்த இடம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அந்த நர்ஸ் அம்மாவின் நோட்டில் இருந்தபடியே எழுதியிருக்கும், "வீடு, ஊரணிப்புஞ்சை" என்று.